எந்த ஊர் உப்பு?

போன வாரம் ஒரு கல்யாண சிடி பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே வயிற்றெரிச்சல்!

சாப்பாட்டுக் கோளாறு இல்லை. அசல் பொறாமை. அதுவும் சொந்த அண்ணன் மகள் மேல்... சொல்லவே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால், வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் மூட்டுவலி வரைக்கும் உங்களிடம் சொல்லிவிட்டு, இதை மட்டும் மறைப்பானேன்?

அண்ணனுக்கு மரக்காணத்தில் உப்பளம். ஒரே பெண், தேன்மொழி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அதே ஆபீசில் கொரியாவிலிருந்து வந்த ஒரு இன்ஜினீயர். பெயர் தேஜுன். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா!

வீட்டில் சொன்னாள். அண்ணன், 'முடியாது' என்றார். அண்ணி அதைக்கூடச் சொல்லவில்லை. வானூர் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பையனின் ஜாதகத்தை வாங்கி, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். ஆடி முடியட்டும் என்று இவர்கள் காத்திருந்தார்கள். அவள் ஆடியிலேயே கொரியாவுக்கு விமானம் ஏறிவிட்டாள்.

'ஓடிப்போயிட்டா' என்றது ஊர். விசா வாங்கி, வரிசையில் நின்று, பெல்ட் மாட்டி உட்கார்ந்து போனதை ஓடிப்போனது என்று சொல்லலாமா? எங்கள் காலத்தில் ஓடியவர்கள் புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்தார்கள். ரொம்பத் தைரியசாலிகள் என்றால், பெருமுக்கல் மலைக்கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு கீழே இறங்குவார்கள். அடிவாரத்தில் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் காத்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றிலிருந்து அண்ணி, மகளின் பெயரையே எடுக்கவில்லை. 2006 பிறந்து, பொங்கல் போய், உப்பு வாரும் சீசனும் வந்துவிட்டது. அப்போதும் அதே பிடிவாதம். போன் அடித்தால் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். அண்ணன்தான் எடுத்து, 'ம்... ம்...' என்று நாலு முறை சொல்லி வைப்பார்.

கடைசியில் தேன்மொழி சிடியை எனக்கு அனுப்பிவிட்டு, போனில் அழுதாள்.

"அத்தை, எப்படியாவது அம்மாகிட்ட காட்டுங்க. திட்டினாலும் பரவால்ல... ஒரு வார்த்தை எங்கிட்ட பேசச் சொல்லுங்க. அவங்க குரலைக் கேட்டே எவ்ளோ நாளாவுது தெரியுமா?"

சரி, தூது போகிறவள் சரக்கு என்னவென்று பார்க்க வேண்டாமா? பார்த்தேன். அங்கே ஆரம்பித்தது என் வியாதி.

கடலோரத்தில் ஒரு சின்ன வீடு. கல்யாணக் கூட்டம் மொத்தமும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடும். தேன்மொழி அரக்குப் பட்டுப் புடவையில் இருக்கிறாள். கம்ப்யூட்டரில் நாதஸ்வரம். தேஜுன் வேட்டி கட்டியிருக்கிறார்... வேட்டிக்கு மேல் பெல்ட்! தாலி கட்டுகிறார். மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டுமே? அவருடைய தங்கை வந்து, பிறந்தநாள் பரிசுக்குக் கட்டுவது போல அழகாக ஒரு ரிப்பன் முடிச்சு போட்டுவிட்டுக் கைதட்டுகிறாள்.

அப்புறம் அவர்கள் முறை. இவள் கூடாரம் மாதிரி விரிந்த ஒரு பட்டுப் பாவாடைக்கு மாறி வருகிறாள். மர வாத்து ஜோடி வைத்த மேஜைக்கு முன்னால் மாமனார் மாமியாரை விழுந்து கும்பிடுகிறார்கள். அவர்கள் கை நிறைய இலந்தைப் பழமும் பலாக்கொட்டை போன்ற ஒரு கொட்டையும் அள்ளி வீச, இவர்கள் துணியை விரித்துப் பிடிக்கிறார்கள். எத்தனை விழுகிறதோ அத்தனை பிள்ளைகளாம். அதோடு விட்டார்களா? மாப்பிள்ளை குனிந்து, பெண்ணை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு அந்த அறையைச் சுற்றி வருகிறார்! அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

சிரிக்கிறாள்... தன் கல்யாணத்தில்!

என் கல்யாணம் திண்டிவனத்தில் நடந்தது. பெரிய மண்டபம். ஹோமப் புகை ஒரு கண்ணில், வீடியோ லைட் ஒரு கண்ணில். லேசாகச் சிரித்ததற்கு, 'பல்லைக் காட்டாதடி' என்று அம்மா தொடையில் கிள்ளியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் கணவரின் முகத்தை நான் நிதானமாகப் பார்த்ததே, ஆல்பம் வந்த பிறகுதான்.

அவரையும் கூப்பிட்டு அந்த உப்புமூட்டைக் காட்சியைக் காட்டினேன்.

"நல்லாருக்குது" என்றார்.

"அவ்வளவுதானா?"

"எனக்கு டிஸ்க் ப்ராப்ளம்னு டாக்டர் சொன்னாரே... நீ கூடத்தான இருந்த?"

நான் தூக்கச் சொல்லவே இல்லை! என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போல.

ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்துக்கு பஸ் ஏறினேன். அண்ணன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணி கூடத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் சிடியைப் போட்டதும், முறத்தை எடுத்துக்கொண்டு டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, தேனு புடவை எவ்வளவு நல்லாருக்குது பாருங்க."

கீரை மட்டும் வேகமாக உதிர்ந்தது. நான் விடுவேனா? கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன். நாத்தனார் போட்ட ரிப்பன் முடிச்சைச் சொன்னதும் அண்ணியின் கை நின்றது. லேசாகத் தலை திரும்பியது.

"அது அவுந்துடப் போவுது" என்றார். என்னிடம் இல்லை. முறத்திடம்.

அப்புறம் திரும்பிய தலை திரும்பியபடியே இருந்தது. கும்பிட்டதைப் பார்த்தார். இலந்தைப் பழத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை முதுகில் தூக்கியதும், "உழுந்துடப் போறா" என்று மட்டும் சொன்னார். கண் கலங்கவில்லை. ஆனால் ஆய்ந்த கீரையையும் காம்பையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

நாள் கணக்கில் திட்டம் போட்டு வந்த எனக்குப் பயமாகிவிட்டது. இதற்கும் மசியவில்லை என்றால், இனி எதைக் காட்டி இவரைப் பேச வைப்பது? சிடி முடியப் போகிறது.

கடைசிக் காட்சி. கல்யாணம் முடிந்து, பொண்ணு மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார்கள். அந்த மாமியார் உள்ளேயிருந்து ஒரு கை நிறையக் கல்லுப்பை எடுத்து வருகிறார். தேன்மொழி ஏதோ சொல்லிக்கொடுக்க, மகனையும் மருமகளையும் சேர்த்து நிற்க வைத்து, முகத்துக்கு நேரே சுற்றுகிறார். சுற்றி... உப்பை வாசலில் வீசி எறிகிறார்.

முறம் கீழே விழுந்தது. அண்ணி எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றார்.

"யாரு இவ?"

"மாமியார், அண்ணி."

"கையில என்னா?"

"உப்புதான். நம்ம தேனு சொல்லிக்கொடுத்திருப்பா, கண்ணு படக் கூடாதுன்னு..."

"எந்த ஊரு உப்பு?"

இதற்கு நான் என்ன சொல்ல? "அவங்க ஊர்லயும் கடல் இருக்குது அண்ணி" என்றேன்.

அவ்வளவுதான்! இத்தனை மாதம் பேசாததற்கெல்லாம் சேர்த்து வெடித்தார்.

"இங்க மலை மாதிரி குவிச்சு வச்சு, கீத்து போட்டு மூடி வச்சிருக்கோம்... என் பொண்ணுக்கு எவ ஊரு உப்புலயோ சுத்துறாளா? நான் உயிரோடதான இருக்கேன்? பெத்தவ நான் இருக்கும்போது இவ யாரு சுத்திப் போட?"

'என் பொண்ணு.' இத்தனை மாதம் கழித்து அந்த வார்த்தை வெளியே வந்தது. வாசலில் பேப்பர் கீழே இறங்கியது.

"சுத்திட்டு வாசல்ல வீசுறா பாரு! தண்ணியிலல்ல கரைக்கணும்? உப்பு கரைஞ்சாத்தான கண்ணு கரையும்? அப்படியே தரையில கெடந்தா, போறவன் வர்றவன்லாம் மிதிச்சு மறுபடியும் உள்ளதான் எடுத்துட்டு வருவான்... சுமதி, போனைப் போடு!"

போட்டேன். அவசரத்தில் ஒரு தடவை ராங் நம்பர். அடுத்ததில் அந்தப் பக்கம் தேன்மொழி. அண்ணி ரிசீவரைப் பிடுங்கினார்.

"ஏண்டி, சுத்தின உப்பைத் தண்ணியில கரைக்கணும்னு உன் மாமியாருக்குச் சொல்ல மாட்டியா?"

அந்தப் பக்கம் அழுகை, பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"அழாத. மொதல்ல அந்த மூணாவது முடிச்சை நல்லா இறுக்கிப் போடச் சொல்லு... சாப்பிட்டியா?"

அப்புறம் அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம். நாங்கள் எல்லோரும் அறிவுரை சொன்னோம், காலம் மாறிவிட்டது என்றோம், பையன் தங்கம் என்றோம். ஒன்றும் வேலைக்காகவில்லை. இன்னொருத்தி தன் இடத்தில் நிற்கிறாளே என்கிற பொறாமைதான் அந்த அம்மாவை போன் வரைக்கும் இழுத்து வந்தது. பொறாமையை எல்லோரும் கரித்துக் கொட்டுகிறார்களே... கொஞ்சம் யோசித்துக் கொட்டுங்கள்.

நான் கிளம்பும்போது அண்ணி தன் உப்பளத்துக் கல்லுப்பை மஞ்சள் துணியில் மூட்டை கட்டிக் கொடுத்தார். கொரியாவுக்குப் பார்சல். 'போய்ச் சேந்ததும் சுத்திட்டு, தண்ணியில கரைக்கணும்' என்று என்னிடமே இரண்டு தடவை சொன்னார். கூடவே பேப்பரில் மடித்து இன்னொரு சின்னப் பொட்டலம்.

"இது யாருக்கு அண்ணி?"

"அந்த சிடியை எத்தினி தபா பாத்த?"

"ஒரு... நாலஞ்சு தபா."

"அந்த முதுகுல தூக்குற எடத்த?"

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல வாட்சைப் பார்த்தேன். அண்ணி பொட்டலத்தை என் கைப்பையில் திணித்தார்.

"இது உனக்கு. வூட்டுக்குப் போனதும் கரைச்சு ஊத்து. என் பொண்ணு மேல பட்டது உன் கண்ணுதான்."

கரைத்தேன். உப்பு கரைந்துவிட்டது... என் வயிற்றெரிச்சல்தான் இன்னும் கரையவில்லை!