களவாய்க் குடித்த தண்ணீர்

சிசேரியன் முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமி என் தண்ணீருக்குக் காவல் இருந்தார். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்பது எங்கள் யாழ்ப்பாணத்துப் பத்தியத்தின் முதல் சட்டம். மிளகும் மல்லியும் மஞ்சளும் அரைத்துவிட்ட சரக்குக் கறி தாராளமாக வரும். தண்ணீர் மட்டும் மிடறு மிடறாக வரும். நானா அடங்குகிற ஆள்? பாத்ரூம் கதவைப் பூட்டிவிட்டு, குழாயில் கையேந்தி ஆசை தீரக் குடித்தேன்.

சில நாட்களில் வயிறு உண்மையாகவே வீங்கத் தொடங்கியது. பால் கொடுக்கக் குனிந்தால் மூச்சு முட்டியது. சிறுநீரோ சொட்டுச் சொட்டாகத்தான் போனது. மாமி பழைய சேலைத் துணியால் வயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார். களவாய்க் குடித்ததற்கு இதுதான் தண்டனையோ என்று நானே பயந்துவிட்டேன். பயத்தைவிட, மாமியின் சட்டம் பலித்துவிட்டதே என்ற கோபம்தான் அதிகம்.

ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்றார்கள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு இரத்தம் கழுவும் மெசினோடு கிடக்க வேண்டி வருமோ?

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்கள்?" என்று கேட்டார் டொக்டர். இளம் பெண்.

மாமி முந்திக்கொண்டார். "பத்தியம் டொக்டர். ரெண்டு மூண்டு மிடறுதான் குடுக்கிறனான்."

"அப்ப அதாலதான் சலம் குறைவாப் போகுது. சேலைன் ஏத்திப் பாப்பம்."

இனி மறைக்க முடியாது. "இல்லை டொக்டர், நான் களவாக் குடிக்கிறனான். நிறையக் குடிக்கிறனான்."

மாமியின் பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"அப்ப அவ்வளவு தண்ணியும் எங்க போகுது?"

ஸ்கான் செய்தபோது வயிறு நிறைய நீர் நின்றது. ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். இரத்தத்தில் இருந்ததைவிட அதில் சிறுநீர்க் கழிவு பல மடங்கு. வயிற்றுக்குள் நின்றது என்னுடைய சிறுநீரேதான். சிறுநீர்ப்பைக்குள் மருந்து ஏற்றிப் படம் பிடித்தபோது அது ஒழுகும் இடமும் தெரிந்தது. சிசேரியனில் பட்ட சின்னக் காயம், யாருக்கும் தெரியாமல் பிறகு திறந்திருக்கிறது. ஒழுகிய சிறுநீர் திரும்ப இரத்தத்தில் ஊறியதால்தான் சிறுநீரகத்தின் மேல் பழி விழுந்தது.

"உங்கட கிட்னி ரெண்டும் அருமையா வேலை செய்யுது" என்றார் டொக்டர். நான் வாய்விட்டு அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

ஓட்டையைத் தைத்து, சிறுநீர் போவதற்குக் குழாய் வைத்து அனுப்பினார்கள். காயம் ஆறி, குழாயைக் கழற்றிய அன்று ஆஸ்பத்திரிப் பாத்ரூமில் போய் இருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வந்தது பாருங்கள், நிற்காமல், சத்தமாக, ராசாத்தி மாதிரி.

"மாமி, கேட்டதோ?" என்று உள்ளிருந்தே கத்தினேன்.

"கேட்டது பிள்ளை, கேட்டது" என்றார் மாமி, கதவுக்கு வெளியே நின்று.

கதவைத் திறந்தேன். மாமியின் ஒரு கையில் என் பிள்ளை, மறு கையில் விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த கிளாஸ்.

"இந்தா, முழுக்கக் குடி."

மாமிக்கு முன்னாலேயே மடமடவென்று குடித்து முடித்தேன்.