முழுப் பேரு

மேல்கணக்கின் தலையிலிருந்த துணியை உருவி, வாசலுக்குப் போய் ஓர் உதறு உதறிவிட்டு வந்து, அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுகிறார் நாகலெட்சுமி அக்கா. அடுத்தது கீழ்க்கணக்கு. அது கொஞ்சம் சண்டி. பொத்தானை அழுத்தினால் உறுமும், யோசிக்கும், பிறகு தானே அணைந்துபோகும். "இந்தா பாரு, காலங்காத்தால என் வாயப் புடுங்காத" என்று அதனிடம் சொல்லிவிட்டு மறுபடி அழுத்துகிறார். மூன்றாவது புதுக்காடு. நாலாவது பங்களா. பிரிண்டர் அதனோடு சேர்த்துத்தான் பூட்டியிருக்கிறது. மற்ற மூன்றுக்கும் ஏதாவது வேண்டுமென்றால் அதனிடம்தான் போய் நிற்க வேண்டும். பங்களா என்று பேர் வைக்காமல் வேறென்ன வைப்பது?

அரசாங்கப் பணத்தில் கல்லுமலைச் சந்தி நூலகத்துக்கு இந்த நாலு கம்பியூட்டர்களும் வந்தது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில். ஒவ்வொன்றின் நெற்றியிலும் கொழும்பில் ஒட்டிய இலக்கம் இருந்தது. நூலக உதவியாளரான அக்கா அதை மதிக்கவில்லை. "நம்பர் சொல்லிக் கூப்புட இதுங்க என்ன ஜெயில்லயா இருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டு, மூன்றுக்குத் தோட்டத்துப் பிரிவுகளின் பேர்களையும், நாலாவதுக்குத் துரை பங்களாவின் பேரையும் வைத்துவிட்டார். கீபோர்டில் தமிழ் எழுத்து இல்லை என்பது அடுத்த குறை. டிக்கோயா ஆஸ்பத்திரியில் விரலுக்குக் கட்டுப் போட்டபோது வாங்கிய பிளாஸ்டர் சுருள் மிச்சம் கிடந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, எழுத்தெழுதி, ஒவ்வொரு கட்டையிலும் ஒட்டினார். நாலு கீபோர்டும் இப்போது அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை மாதிரி இருக்கின்றன.

கேள்வி கேட்கும் வியாதி அக்காவுக்குப் பிறவியிலேயே உண்டு. இன்டர்நெட் வந்த அன்றே முதல் வேலையாக, இன்றைக்கு நம்ம நோர்வூட்டில் மழை பெய்யுமா என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் உள்ள வேறொரு நோர்வூட்டைப் பிடித்துக்கொண்டு வந்து, அங்கே மழை என்றது பங்களா. "அங்கயும் நம்ம கததான் போல" என்று அந்த ஊர்க்காரர்களுக்காகக் கொஞ்ச நேரம் இரக்கப்பட்டார்.

அக்காவின் இன்னொரு பெருமை கையெழுத்து. கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். நூலகத்து அறிவித்தல் எல்லாம் அவர் கைப்பட எழுதியவை. 'அமைதி பேணவும்' என்பதில் உள்ள ணகரத்தை மட்டும் நின்று ரசித்துவிட்டுப் போகலாம்.

கம்பியூட்டருக்கும் ஓர் அறிவித்தல் எழுதினார். 'கணினியைப் பயன்படுத்துவோர் முதலில் தமது பெயரைப் பதிய வேண்டும். பதியப்படும் பெயர்கள் மாலையில் நீக்கப்படும்.' கம்பியூட்டர்களைக் கொடுத்த திட்டத்துக்காரர்கள் போட்டுக்கொடுத்த ஒழுங்கு அது. யார் யார் வந்தார்கள் என்று மெஷின் எண்ணிக்கொள்ளும்; சாயங்காலம் திரையைத் துடைத்துவிட வேண்டும்.

கம்பியூட்டருக்கென்று ஒருவரும் வரவில்லை. பேப்பர் பார்க்க வருகிறவர்கள் வந்தார்கள். அறிவித்தலை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். கம்பியூட்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நூலகர் பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். அவரே ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: "நாகலெட்சுமி, மாசக் கடைசியிலை திட்டத்துக்காரர் வந்து பாப்பினம். ஆக்கள் பாவிக்கேல்லை எண்டால் நாலையும் வட்டவளைக்குக் கொண்டுபோயிடுவினம்."

அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் வர மாட்டேன் என்கிறார்கள்? கரண்ட் அடிக்கும் என்று பயமா? செருப்பைக் கழற்றச் சொல்வது பிடிக்கவில்லையா? செருப்போடு வரலாம் என்று அனுமதித்தும் பார்த்தார். சேறு வந்ததே தவிர ஆள் வரவில்லை.

காரணம் தெரிந்தது அம்மாக்கண்ணு வந்த அன்றுதான். அக்கா பிறந்த அதே தோட்டத்தில் இன்றும் கொழுந்து எடுக்கிறவர். அன்று மழையில் கொழுந்து குறைந்துபோய், மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மழைக்கு இடுப்பில் சுற்றிய படங்கைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"நாகு, எம் மக கிருஷாந்தி குவைத்துலேருந்து போட்டோ அனுப்பிருக்காளாம். போன்ல சொன்னா. இந்தப் பொட்டியில பாக்கலாமாமே. நான் தொட மாட்டேன், நீயே காட்டு."

"ஏன், நீங்களே தொடலாம்க்கா. பேரு போட்டுட்டு ஒக்காருங்க."

"ஐயோ சாமி, வேணாம். இப்பத்தான் கண்டாக்கையா அரைப் பேரு போட்டு அனுப்புனாரு. இங்க வந்து அதையும் வெட்டிக்கிட்டுப் போகவா? சாயந்தரம் நீக்கிருவோம்னு நீதான எழுதி ஒட்டியிருக்க. லயம் பூரா அதே பேச்சு."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் பேர் என்றால் கூப்பிடுகிற பேர் மட்டுமல்ல. ஒரு நாள் வேலை ஒரு பேர். அதுதான் அன்றைய சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அரைப் பேர்தான் போடுவார். பேரை வெட்டிவிட்டால் நாள் முழுக்க மலை ஏறியதும் அட்டைக்கடி வாங்கியதும் வீண். சின்ன வயதில், பேர் வெட்டுப்பட்டுத் திரும்பிய தன் அம்மா அடுப்படியில் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தவர்தான் அக்கா. அப்படிப்பட்டவர் தன் கையாலேயே இப்படி எழுதி ஒட்டியிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எம் புத்திய என்னான்னு சொல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே போய் அறிவித்தலைக் கிழித்தார். கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். 'பேரு போடுங்க. வெட்ட மாட்டோம்.'

பேரின்பநாயகம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். அக்கா விஷயத்தைச் சொன்னார். அவர் நாலு மெஷினையும் ஒரு தடவை பார்த்தார்.

"பின்னேரம் அழிக்காட்டி மெஷின் மெதுவாகுமே."

"ஆகட்டும் சேர். நாங்க என்ன ரயிலப் புடிக்கவா போறோம்?"

"சரி, விடுங்கோ" என்றார் பேரின்பநாயகம்.

அம்மாக்கண்ணு பங்களாவின் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உதவி செய்துவிடக் கூடாது என்று அக்கா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். பிளாஸ்டர் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி, தேயிலைக் கறை படிந்த விரல் அழுத்தியது. அம்மாக் என்று வந்தது. அதற்கு மேல் ஓர் எழுத்தும் ஏறவில்லை. யாரோ குட்டைப் பேர்க்காரர்களுக்காகச் செய்த மென்பொருள். பேர் எழுதும் கட்டத்தில் இடம் அவ்வளவுதான்.

அம்மாக்கண்ணு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை.

"பாத்தியா நாகு. இதுவும் அரைப் பேருதான் போடுது" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவரை அப்படியே போகவிட்டால் ராத்திரிக்குள் லயத்து வீடுகள் அத்தனைக்கும் தெரிந்துவிடும். அப்புறம் நாலையும் வட்டவளைக்கு ஏற்றிவிட வேண்டியதுதான். "இருங்கக்கா" என்று ஓடினார் அக்கா. பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி, 'கண்ணு' என்று அழகாக எழுதி, கண்ணாடித் திரையில் அம்மாக் என்பதற்குப் பக்கத்தில், ஒட்டியது தெரியாதபடி ஒட்டினார். "இப்ப வாசிங்க."

அம்மாக்கண்ணு விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். பிறகு படங்கைக் கழற்றி மடித்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

போட்டோ மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் நெற்றி, பிறகு கண், பிறகு சிரிப்பு. கிருஷாந்தி கொஞ்சம் மெலிந்திருந்தாள். அவளுடைய கன்னத்தோரம் பிளாஸ்டர் துண்டு அப்படியே நின்றது. அம்மாக்கண்ணு அதைத்தான் வாசித்தாரோ, மகளைத்தான் கூப்பிட்டாரோ, "கண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு அழகுமுத்து வந்தார், ராசம்மா தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார், இளந்தாரிகள் வந்தார்கள். நீளப் பேர்க்காரர்கள் எல்லோரும் தங்கள் மீதியைக் கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். யாராவது கிரிக்கெட் பார்த்தால் பந்து வீசுகிறவரின் தோளில் 'முத்து' என்றிருக்கும். ஒருவரும் குறை சொல்லவில்லை.

மாதக் கடைசியில் திட்டத்து அதிகாரி வந்தார், சிங்களவர், நல்ல மனிதர். கணக்கைப் பார்த்தார், திருப்தி. மெஷின்கள் இங்கேயே இருக்கட்டும் என்றார். எழுந்தவர், அரசாங்கச் சொத்தில் இதென்ன அழுக்கு என்று நினைத்தாரோ என்னவோ, பங்களாவின் திரையில் இருந்த முதல் பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார்.

"கலவன்ன எப்பா, சேர்" என்றார் அக்கா. கழற்ற வேண்டாம் என்று, சிங்களத்தில். அவர் குரல் அவ்வளவு தடித்து அந்த நூலகத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை. அதிகாரி கையை எடுத்துக்கொண்டார், சிரித்தார், போய்விட்டார்.

ஜீப் வளைவில் மறையும் சத்தம் கேட்டது. அக்கா பங்களாவின் முன்னால் குனிந்தார். கிளம்பியிருந்த ஓரத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, அது ஒட்டும்வரை எடுக்காமல் நின்றார்.