பாஸ்வேர்டில் இருந்த சாமி பெயர்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, பெங்களூரில் ஓட்டல், சென்னையில் பிரௌசிங் சென்டர் என்று சுற்றிவிட்டு, திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஒரு தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். சாப்பாடும் மொட்டைமாடியில் ஓர் அறையும் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை.

விடுதியை நடத்தியவர் கீழ்பென்னாத்தூரில் நிலபுலம் உள்ள ஓர் அக்கா. அவருடைய தம்பி வெளிவேலைகளைப் பார்த்தார். அங்கே நெடுநாள் தங்கிய வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஊர் திரும்புமுன் ஒரு பழைய கம்ப்யூட்டரில் விடுதிக்கென்று மெயில் சர்வர் அமைத்துத் தந்திருந்தார். அறை கேட்டு வரும் மெயிலும் எங்கள் பதிலும் அதன் வழியாகத்தான் போய்வரும். அவர் போனபின் அது என் பொறுப்பாயிற்று.

கார்த்திகை தீபத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் பதில்கள் திரும்பி வரத் தொடங்கின. எங்கள் சர்வரிலிருந்து மாத்திரை விளம்பரக் குப்பை மெயில்கள் குவிவதால் இனி எதையும் ஏற்பதில்லை என்று பெரிய மெயில் கம்பெனிகளிடமிருந்து காரணம் வந்தது. அறை உறுதியா என்று தெரியாதவர்கள் வேறு விடுதிக்குப் போய்விடுவார்கள்.

"நம்ம பேர்ல எவனோ மாத்திரை விக்கிறான். இவன் என்னத்தைப் பார்த்துக்கிறான்?" என்றார் தம்பி, நான் எதிரில் இருக்கும்போதே.

யார் எப்போது நுழைந்தார்கள் என்று சர்வர் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அதை வரி வரியாகப் படித்தேன். குப்பை மெயில்கள் எல்லாம் ஒரே கணக்கிலிருந்து போயிருந்தன. போன தீபத்துக்கு மெயில் பார்த்துப் பதில் போடும் வேலைக்குப் பத்து நாள் வந்த ஒரு பெண்ணுக்காக நான் போட்ட கணக்கு அது. அவள் போனபின் நான் அதை மூடவில்லை. பாஸ்வேர்டு சாமி பெயர். விடுதியில் எல்லாக் கணக்குக்கும் அதுதான், அக்காவின் ஏற்பாடு. எங்கள் தெருவில் பாதி வைஃபைக்கும் அதேதான்.

அந்த வரிகளை அழித்திருந்தால் அக்காவுக்கும் தம்பிக்கும் தெரிந்திருக்காது. மற்ற ஊர்களில் இப்படி ஏதாவது நேர்ந்தால், யாரும் கேட்குமுன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். இந்த முறை கணக்கை மூடிவிட்டுக் கீழே போனேன்.

"அக்கா, அந்தக் கணக்கை நான்தான் போட்டேன். மூடாம விட்டுட்டேன். அது வழியாத்தான் பூந்துட்டாங்க."

"அவனே ஒத்துக்கிட்டான். வேற ஆள் பார்க்கலாம்க்கா," என்றார் தம்பி.

அக்கா அவரைக் கண்டுகொள்ளவில்லை. "சாமி பேரை வெச்சுமா திருடுவாங்க?"

"அவனுக்கு அது சாமி பேர்னே தெரியாதுக்கா. வெறும் எழுத்து," என்றேன்.

"ஒரு நாளைக்குப் பத்து தடவை அடிக்கிறேன்பா. கோயிலுக்குப் போக நேரமில்ல, அதாவது இருக்கட்டும்னு வெச்சேன்."

"நெத்தியில எழுதி வெச்சுக்கோ. மெயில்ல வேணாம்," என்றார் தம்பி. அக்கா சிரித்துவிட்டார்.

"சரி, மாத்து. அதை முதல்ல செய். மத்ததை அப்புறம் பேசலாம்."

ஆளில்லாத ஏழு கணக்குகளை மூடினேன். இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு நீளமான பாஸ்வேர்டு. ஐந்து முறை தவறாக அடித்தால் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு கணக்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் இத்தனை மெயிலுக்கு மேல் போகாது. பிறகு, எங்களைத் தடுத்தவர்களுக்கு விண்ணப்பம் எழுதினேன். நான்கு நாள் காத்திருந்தோம். அதுவரை அக்கா விருந்தினர்களுக்குப் போன் செய்தார். இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே வேறு இடம் பிடித்திருந்தன. அந்தப் பெயர்களை அவர் என் எதிரிலேயே நோட்டில் அடித்தார். எனக்கு அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஐந்தாம் நாள் மெயில் போனது. தம்பி வந்து உட்கார்ந்து, திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு, தன் பாஸ்வேர்டை இரண்டு விரலால் அடித்தார்.

"தீபம் முடிஞ்சதும் கிளம்பிடுவியா?"

"நீங்க சொன்னா கிளம்பறேங்க."

"அவன் எதுக்குப் போகணும்?" என்றார் அக்கா உள்ளேயிருந்து. "தீபத்துக்கு மெயில் பார்க்க ஒரு பொண்ணு வருது. கணக்கு போடச் சொல்லு. போற அன்னைக்கே மூடணும்னும் சொல்லு."