கவலைக் கிணற்றில் இறங்கிய பீப்பாய்

என் கணவர் நீர்மூழ்கிக் கப்பல் கட்டினார் என்று சொன்னால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். கப்பல் என்பது பெரிய வார்த்தைதான். பட்டாளத்தில் கழித்துக் கட்டிய இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களைத் திருச்சியிலிருந்து வண்டியில் ஏற்றி வந்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து இணைத்தார். மேலே ஒரு மூடி. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த கண்ணாடி. ஒரு ஆள் முழங்காலை மடக்கிக்கொண்டு உள்ளே உட்காரலாம். அதில் உட்கார்ந்து அவர் தண்ணீருக்குள் போனது உண்மை. அன்றைக்குக் கிணற்றின் கடைசிப் படியில் ஸ்பானரோடு உட்கார்ந்திருந்தவள் நான்.

உலகச் சண்டை நடந்த வருஷங்களில் அவர் பம்பாயில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் இயந்திரம் மாட்டும் பிட்டராக இருந்தார். அங்கே நிஜமான நீர்மூழ்கிகளைப் பார்த்திருக்கிறார். சண்டை முடிந்து ஊருக்கு வந்தவருக்கு அரியலூரிலும் பெரம்பலூரிலும் அவர் கற்ற வேலை கிடைக்கவில்லை. பஸ் ஷெட்டில் அவ்வப்போது கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் கிணற்று மேட்டில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் கிணற்றில் கோடைக்குக் கோடை ஊற்று குறைந்துகொண்டே வந்தது. அடியில் பாறை வெடிப்பை எதுவோ அடைத்திருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

"ஊத்துக்கண்ணப் பாக்குறதுக்கு எதுக்குடா பீப்பா? முங்கத் தெரிஞ்சவன் ஊர்ல எத்தன பேர் இருக்கான்?" என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள்.

"முங்குறவன் தொட்டுட்டு வருவான். நான் பாத்துட்டு வரேன்" என்றார் அவர்.

விளையாட்டாக அவர் எதையும் செய்யவில்லை. முதலில் வெறும் பீப்பாயை இறக்கிப் பார்த்தார். பிறகு ஒரு கோழியை உள்ளே விட்டு மூடி இறக்கினார். கோழி கோபமாக வெளியே வந்தது. அதை அடித்துக் குழம்பு வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது எங்கள் வீட்டிலேயே கிழமாயிற்று. அப்புறம் தரையிலேயே பீப்பாய்க்குள் அவர் உட்கார்ந்து என்னை மூடச் சொல்லி, எவ்வளவு நேரம் மூச்சுத் திணறாமல் இருக்க முடிகிறது என்று பார்த்தார். மூடிய நான்தான் வெளியே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தேன்.

பீப்பாயைக் கவலை வடத்தில் கட்டி இறக்குவது என்று ஏற்பாடு. கவலை பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவு இறங்கும். மாடுகள் அந்தச் சரிவில் இறங்கினால் வடக்கயிறு இழுபட்டு, தோலால் தைத்த தண்ணீர்ச் சால் மேலே வரும். ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் கனத்தையும் கொடுப்பார். சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டியதும் அவர் இறங்கி ஒரு குரல் கொடுப்பார். மாடுகள் பின்னாலேயே நடந்து சரிவேறும். சால் கிணற்றுக்குள் போகும். விடிந்தால் இதேதான் வேலை. பீப்பாய்க்காக வடத்தை நீட்டிக் கட்டியிருந்ததால், மாடுகள் சரிவின் அடிக்குப் போனால் அது தண்ணீர் மட்டத்துக்கு வரும்.

எங்கள் மாடுகளை ஓட்டுகிறவர் என் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார். சிக்கல் அங்கேதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் மூத்தார் எதிரே பெண்கள் நிற்பதில்லை. பேசுவது என்ற பேச்சே கிடையாது. கல்யாணமாகி ஆறு வருஷம், அவருக்குச் சோறு போட்டிருக்கிறேனே தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு யாரிடமும் பேச வராது. அதனால் அந்த வழக்கம் எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

என் கணவர் அதற்கும் வழி செய்தார். நான் தண்ணீரோரப் படியில் இருப்பேன். அவர் உள்ளிருந்து சுத்தியலால் பீப்பாயை இரண்டு தட்டுத் தட்டுவார். நான் நூறு எண்ணுவதற்குள் அடுத்த தட்டு வர வேண்டும். வராவிட்டால் தூக்க வேண்டும். நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வது, கிணற்று மேட்டில் நிற்கும் அக்கா மூத்தாரிடம் சொல்வது. இது போக, பீப்பாயின் அடியில் ஒரு சுண்ணாம்புக்கல் தொங்கியது. ஆபத்தென்றால் உள்ளேயிருந்து ஒரு கம்பியை இழுத்தால் கல் கழன்று விழும், பீப்பாய் தானாக மிதந்து வரும்.

அன்று பாதி ஊர் கிணற்று மேட்டில் நின்றது.

"தண்ணி எறச்ச கெணத்துல இன்னிக்கு ஆள எறைக்கப் போறாங்கடா!"

"ஊறுகா ஜாடிக்கு மூடி போட்ட மாதிரி இருக்கு. உப்பு போட்டியாம்மா?"

நான் தலை நிமிரவில்லை. அவர் உள்ளே இறங்கி உட்கார்ந்தார். "பயப்படாத. தட்டை மட்டும் கேளு" என்றார். மூடியை வைத்து நான்கு திருகாணிகளையும் முடுக்கினேன். மூத்தார் மாடுகளைப் பின்னால் விட்டார். பீப்பாய் தண்ணீருக்குள் போயிற்று. குமிழிகள் வந்தன. பிறகு அவையும் நின்றன.

இரண்டு தட்டு கேட்டது. தண்ணீருக்குள்ளிருந்து வந்தாலும் பக்கத்து அறையில் தட்டுவது போலத் தெளிவாக இருந்தது. எண்ணினேன். மறுபடி இரண்டு தட்டு. மறுபடி எண்ணினேன். மேலே யாரோ கதை சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கிணற்றுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அதில் தட்டு கேட்காமல் போயிற்றோ என்று நினைத்தேன். நூறு முடிந்தது.

"அக்கா, தூக்கச் சொல்லுங்க!"

"என்னடி?"

"தட்டு வரல. தூக்கச் சொல்லுங்கக்கா!"

"அதுக்குள்ளயா? இப்பத்தான போனாரு" என்றது ஒரு ஆண் குரல். அக்கா நல்லவள், அதைக் காதில் வாங்கவில்லை. "தூக்கச் சொல்லுது! மாட்ட ஓட்டுங்க!" என்று அவள் கத்துவது கேட்டது.

உருளை கிறீச்சிட்டது. வடம் விறைத்தது. வழக்கத்தைவிட மெதுவாக ஏறியது. பீப்பாய் கனத்துவிட்டது என்று அப்போதே புரிந்தது. தண்ணீருக்கு மேல் மூடி தெரிந்தது. படியோரம் வந்ததும் இடது கையால் வடத்தைப் பற்றிக்கொண்டு ஸ்பானரை முதல் திருகாணியில் மாட்டினேன். ஒன்று கழன்றது. இரண்டாவதில் மாட்டும்போது பீப்பாய் என் கைக்கடியில் இறங்கத் தொடங்கியது.

மாடுகள் சரிவின் அடிக்குப் போய்விட்டிருந்தன. அங்கே போனால் மூத்தார் வடத்தை விட்டு இறங்குவார், குரல் கொடுப்பார், மாடுகள் பின்னால் நடக்கும். இத்தனை வருஷமாக அதுதானே நடந்தது. இன்றும் அவர் இறங்கிவிட்டார். கையும் வாயும் தம் பழக்கத்துக்கு வேலை செய்தன. மூடி நனைந்தது. திருகாணி கழன்ற பக்கமாகத் தண்ணீர் உள்ளே போவது என் கண்ணெதிரே தெரிந்தது. அக்காவிடம் சொல்லி அவள் அவரிடம் சொல்ல நேரமில்லை.

"நிறுத்துங்க! மாட்டப் பின்னால விடாதீங்க! உக்காருங்க மாமா, வடத்து மேல உக்காருங்க!"

அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. என் குரலைக் கிணறு வாங்கி மேலே எறிந்தது. சிரிப்பெல்லாம் நின்றுபோயிற்று. ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு வடம் சட்டென்று விறைத்தது. அவர் விழுந்தடித்து ஓடிவந்து வடத்தில் உட்கார்ந்தாராம். இரண்டு பேர் பாய்ந்து நுகத்தடியைப் பிடித்துக்கொண்டார்களாம். அக்கா பிறகு சொன்னாள்.

மூடி மறுபடி மேலே வந்தது. மீதி மூன்றையும் கழற்றினேன். ஸ்பானர் இரண்டு முறை வழுக்கியது. மூடியைத் தள்ளினால் உள்ளே அவர் கழுத்து வரை தண்ணீர். முகம் மட்டும் மேலே. கண் திறந்திருந்தது.

"சுத்தியல் வுழுந்துடுச்சு" என்றார்.

அதைச் சொல்லத்தான் அவருக்கு மூச்சு இருந்தது.

மூடிக்கு அடியில் வைத்த ரப்பர் வளையம் ஓரிடத்தில் பிதுங்கியிருக்கிறது. அது பஸ் டியூபில் வெட்டியது. தண்ணீர் பீறிட்டதும் பதறியதில் சுத்தியல் கைநழுவிக் காலடித் தண்ணீருக்குள் போய்விட்டது. முஷ்டியால் குத்தினார், எனக்குக் கேட்கவில்லை. கம்பியை இழுத்தார், கல்லும் விழுந்தது. ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் அந்தக் கல்லைவிட அதிகக் கனம். மூடியோ வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும்.

இனி இந்தப் பக்கம் போக மாட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு வேலையில் இருந்தார். நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் திருகாணிகளை உள்பக்கமிருந்தும் திறக்கும்படி மாற்றினார். கல்லின் கனத்தை இரண்டு மடங்காக்கினார். அதற்கு ஈடாக வடத்தையும் இரட்டித்தார். சுத்தியலில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். மூத்தார் யாரும் கேட்காமலே சரிவின் அடியில் ஒரு கனத்த முளையை அறைந்தார். மாடுகள் அங்கே போனதும் வடத்தை அதில் மாட்டிவிடலாம்.

மறுபடி இறங்கிய நாளில் கூட்டம் இல்லை. அக்கா வந்து வழக்கமான இடத்தில் நின்றாள். பீப்பாய் தண்ணீருக்குள் போனதும் மேலேயிருந்து மூத்தாரின் குரல் நேராக எனக்கு வந்தது.

"என்னம்மா, தட்டு கேக்குதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "கேக்குது மாமா" என்றேன்.

"அப்ப நான் வூட்டுக்குப் போவலாம்" என்றாள் அக்கா. போகவில்லை.

அன்று அவர் ஊற்றுக்கண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். வெடிப்பில் பழைய சால் ஒன்றின் தோல் அடைத்துக் கிடந்ததாம். முங்கத் தெரிந்த ஒருவரை விட்டு அதை எடுத்தார்கள். ஊரில் அதற்கு ஒரு வாரம் சிரித்தார்கள்.

மூத்தார் உயிரோடு இருந்தவரை வீட்டில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. அவர் வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். பின்னால் கோடைதோறும் ஊற்றைப் பார்க்கக் கிணற்றில் பீப்பாய் இறங்கும்போது மட்டும் பேசுவோம். அப்போது எனக்கு வாய் குழறியதே இல்லை.