அன்புச்செல்வியின் மூன்று தட்டுகள்

அன்புச்செல்விக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். எடுத்து வைத்துக்கொள்வாள். பத்து வருடமாக அவளோடு ஒரே கொட்டகையில் பட்டு நெய்கிறேன், எனக்குத் தெரியாதா? அவள் தூக்குச் சட்டியிலிருந்து ஒருநாள் கேட்காமல் கருவாட்டுக் குழம்பை எடுத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. அது வேறு கதை.

அவளுடைய தம்பி குமரேசனுக்கு ஆரணியில் பட்டுக்கடை. வருகிறவர்களிடம், "ஒவ்வொரு இழையும் கையால நெய்ஞ்சதுங்க" என்று உருகுவான். வேலூர்ப் பெண் லாவண்யாவை அவன் கட்டியபோது, அக்காக்காரி எட்டு மாதம் கண்விழித்து மூன்று சாமான் செய்தாள். தறியில் மிஞ்சிய பட்டு நூலில் ஒரு வாசல் திரை, மஞ்சள் ஒயரில் ஒரு கூடை, மயில் தைத்த தலையணை உறை ஒரு ஜோடி. மூன்றையும் பெட்டியில் கட்டி, மண்டபத்தில் தம்பி கையில் கொடுத்தாள்.

நாலாம் மாதம் கண்ணமங்கலத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, வேலுவின் காயலான் கடையில் அந்தத் திரையைப் பார்த்தாள். பழைய பேட்டரிகளுக்குப் போர்த்தியிருந்தது. அறுந்த பட்டிழையைச் சேர்க்கிற அதே முறுக்கு முடிச்சை அவள் திரையிலும் போட்டிருந்தாள். அவள் கை அவளுக்குத் தெரியாதா? கூடையும் உறையும் அதற்குள் கைமாறிப் போயிருந்தன. மூட்டையாக வந்தது, யார் போட்டார்கள் என்று நினைவில்லை என்றார் வேலு. திரையை மட்டும் காசு கொடுத்து மீட்டுக்கொண்டாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். காயலான் கடையில் பார்த்ததைச் சொன்னாள்.

"லாவண்யாவுக்கு இதெல்லாம் புடிக்கலக்கா. அவதான் எடுத்துப் போட்டுட்டா. நீ எதுவும் கேட்டுடாத, வூட்ல பேஜாராயிடும்."

அவள் கேட்கவில்லை. எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகு மூன்று வருடம், ஞாயிறு வந்தால் பையோடு கிளம்பிவிடுவாள். போளூர், கலசப்பாக்கம் என்று காயலான் கடை ஒன்றையும் விடவில்லை. யாராவது வீடு காலி செய்தால் வாசலில் குவித்த சாமானைக் கிளறுவாள். தேடியது கிடைக்காத நாளில் வேறு யாரோ செய்தது கிடைக்கும். மணித் தோரணம், குரோஷா போட்ட டிவி உறை, துணி உருட்டித் தைத்த கால்மிதி. "எவளோ கண்ணு வலிக்கச் செஞ்சிருக்கா, எவளோ கொழுப்பெடுத்துத் தூக்கிப் போட்டிருக்கா" என்று லாவண்யாவைத் திட்டுகிற அதே வாயால் திட்டிக்கொண்டே அதையும் வாங்கி வருவாள். அவள் வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் போனது.

கூடை கலசப்பாக்கத்தில் ஒரு வீட்டில் வெங்காயத்தோடு தொங்கியது. புதிதாக ஒன்று பின்னிக் கொடுத்து மாற்றிக்கொண்டாள். உறைகள் போளூரில் ஒரு சலூன் நாற்காலிகளில் தலை சாய்க்கும் இடத்தில் இருந்தன. அவற்றை ஐந்து தடவை துவைத்தாள்.

"மூணும் வந்துடுச்சு. இனி எனக்கு ஒரு விசேஷம் வேணும்" என்றாள் என்னிடம்.

வந்தது. குமரேசன் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தான். எங்கள் பக்கம் கூடப்பிறந்தவள் சீர்த்தட்டு வைத்தால், வீட்டுக்காரி சபை நடுவே வந்து, மேல்துணியை எடுத்துப் பார்த்து, இரண்டு கையாலும் வாங்கியே ஆக வேண்டும். தள்ளவும் முடியாது, ஒளிக்கவும் முடியாது.

"அவ வாங்கறப்ப, இது நீ காயலான் கடையில போட்டது தாயின்னு எல்லார் காதுலயும் விழறாப்புல சொல்லுவேன். அவ மூஞ்சி செத்துப் போறத நான் பார்க்கணும்."

ஒரு தட்டை நான்தான் தூக்கிப் போனேன். எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

லாவண்யா வந்து துணிகளை விலக்கினாள். திரையை விரல்களால் தடவிப் பார்த்தாள். மயிலைப் பார்த்தாள். அவள் முகம் சாகவில்லை, மலர்ந்துவிட்டது.

"அண்ணி, எவ்ளோ அழகா இருக்குது. எங்க வாங்கினீங்க? கையால செஞ்ச சாமான்னா எனக்கு உயிருங்க. கல்யாணமானதுலேர்ந்து இவர்கிட்ட கேட்டுகினே இருக்கேன், இதெல்லாம் எங்கயும் கிடைக்கிறதில்லன்னுட்டாரு."

அந்தப் பெண் நடிக்கவில்லை. இந்த மூன்றையும் அவள் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அன்புச்செல்வி திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு தம்பியைத் தேடினாள். குமரேசன் பந்தல் காலை ஒட்டி நின்று, சரியாக இருந்த வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். தட்டுப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. பாவி, மூன்று வருடம் ஒரு பாவமும் அறியாதவளை என் வாயாலும் திட்ட வைத்திருக்கிறான்.

அன்புச்செல்வி திரையை எடுத்து லாவண்யாவின் தோளில் போர்த்தினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"கடை உன் வூட்டுக்காரருக்குத்தான் நல்லாத் தெரியும்மா. அவர் போன கடைதான். கேளு, சொல்லுவாரு."

"நெஜமாவா? எந்தக் கடைங்க?" என்று லாவண்யா ஆசையாக அவன் பக்கம் திரும்பினாள். அவளோடு சபையும் திரும்பியது. அவன் கை வேட்டி முடிச்சிலேயே நின்றுவிட்டது.

அன்புச்செல்வி பந்தியில் போய் உட்கார்ந்தாள். பாயசம் மட்டும் மூன்று தடவை வாங்கிக் குடித்தாள்.