உள் ஓரத்துக்கு இரண்டு விரல்

கொட்டாரத்து ரசலையன் நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் ஒன்பது வருஷமாக வேலை பார்த்தார். எழுத்தை எவனும் கோத்துவிடுவான், ஓரம் விடத்தான் மூளை வேண்டும் என்பது அவர் கட்சி. புதுப் புத்தகம் வந்தால் ஒரு முழுத்தாளை மடித்து, பக்கத்துக்குப் பக்கம் அளவைப் பென்சிலால் குறித்துவிடுவார். "வெளியே கத்தி தின்னும், உள்ளே தையல் தின்னும். ரெண்டுக்கும் தீனி வச்சிட்டுத்தான் எழுத்தை வைக்கணும்" என்று மிஷின்மேன் தங்கையனிடம் சொல்வார். இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுகிற சேக்காளிகள்.

1952-இல் போர்மேன் விலகினார். கையிலிருந்த கிறிஸ்தவ சபையின் கீர்த்தனைப் புத்தகம் அச்சாகி முடிந்ததும் அந்த இடம் ரசலையனுக்குத்தான் என்று முதலாளி பொன்னுலிங்கம் வாய்விட்டே சொன்னார். ரசலையனின் மனைவி ஞானசெல்வி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நேரம் பார்த்து வந்தது காய்ச்சல். ரசலையன் படுத்தபடியே தாளை மடித்து, அளவு குறித்து, தங்கையனுக்குக் கொடுத்தனுப்பினார். பக்கங்களுக்கு நடுவே ஓரம் விடுவதற்காகச் செருகும் அளவுக்கட்டைகளைத் தங்கையன் அவசரத்தில் இடம் மாற்றிச் செருகிவிட்டான். அகலக் கட்டை வெளியே, ஒல்லிக் கட்டை உள்ளே. அப்படியே ஓட்டியும் முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் புத்தகத்தை விரித்தால், நடுவிலிருந்த சொற்களெல்லாம் தையலுக்குள். பெண்கள் இரண்டு கையாலும் பிளந்து பிடித்துப் பாடினார்கள். சிலர் கையில் நூல் அறுந்து தாள் உதிர்ந்தது.

மறுநாள் காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்த ரசலையனை, முதலாளி கூப்பிடுமுன் தங்கையன் தனியே இழுத்துப்போனான். கண்ணில் தண்ணீர். "மக்கா, கட்டையை மாத்திப் போட்டது நானாக்கும். அறிஞ்சா இன்னைக்கே வெளியே போகச் சொல்லுவாரு. நீ ஏத்துக்கோ. உன்னை ஒண்ணும் சொல்லமாட்டாரு, கேட்டியா. ரெண்டு நாளில நானே உள்ளதைச் சொல்லிருவேன்."

நம்பினாரே அந்த மண்ணாந்தை! "காய்ச்சலில நான் குறிச்ச அளவு பிழைச்சுப் போச்சு" என்று முதலாளி முன்னால் போய் நின்றார்.

"அந்தத் தாள் எங்கே?" என்று தங்கையனிடம் கேட்டார் முதலாளி.

"மை கொட்டிக் கெட்டுப்போச்சு முதலாளி, கிழிச்சுப் போட்டேன். எனக்கு அப்பவே சம்சயம்தான். அவன் போட்ட அளவில நான் எப்படிக் கைவைக்க?"

ரசலையன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டபிறகு இனி எதைச் சொன்னால் யார் நம்புவார்? இரண்டு நாள் போயிற்று, இரண்டு மாதமும் போயிற்று. தங்கையன் வாய் திறக்கவில்லை. தை பிறந்ததும் அவன்தான் போர்மேன்.

அடுத்த புத்தகத்துக்குப் பக்கம் அடுக்க நின்ற ரசலையனிடம் தங்கையன் வந்தான். எல்லார் காதிலும் விழும்படி, "ரசலையா, வெளியே கத்தி தின்னும், உள்ளே தையல் தின்னும். உள்ளே ரெண்டு விரல், மறந்திராதே. இன்னா, இதைப் பார்த்து வை" என்று ஒரு மடித்த தாளை நீட்டினான்.

ரசலையன் வாங்கி விரித்தார். ஒரு பொட்டு மை இல்லை. உள்ளே இரண்டு விரல், வெளியே ஒரு விரல் என்று பக்கத்துக்குப் பக்கம் சரியாகக் குறித்திருந்தது, காய்ச்சலில் நடுங்கிய அவருடைய கையெழுத்தில்.