கேமராவுக்கு மட்டும்

எதுவும் ஒன்றே ஒன்றாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. காரில் இரண்டு குடை இருக்கும். பையில் இரண்டு சார்ஜர் இருக்கும். வீட்டுச் சாவியின் நகல் ஒன்று அலுவலகத்தில், இன்னொன்று மாமியார் வீட்டில். என் மனைவி இதை வியாதி என்பாள். தொழில் அப்படி என்று நான் சொல்லிக்கொள்வேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். நிறுவனங்களுக்கு இணைய இணைப்பை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது வேலை. ஒரே கம்பெனியின் லைனை நம்பி உட்காராதீர்கள், இரண்டு கம்பெனிகளிடம் ஆளுக்கொரு லைன் வாங்கிக்கொள்ளுங்கள் என்போம். பிறகு எது எந்த லைனில் போக வேண்டும் என்று ரவுட்டரில் விதி எழுதுவேன். அலுவலக வேலை முதல் லைனில் போகட்டும், வீடியோ இரண்டாவதில் போகட்டும், ஒன்று செத்தால் இன்னொன்று தூக்கிச் சுமக்கட்டும். இவ்வளவுதான். சொல்லும்போது சுலபம், செய்யும்போது ஒரு விதி இன்னொரு விதியின் காலை வாரும்.

அப்பாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு வீண். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியே முதுகு வளைந்தவர் அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஃபெடரல் ஹைவே ஜாம்னா ஷா ஆலம் ஹைவேல போறது. இதுக்கு உனக்கு ஒரு டிகிரி வேற" என்றார்.

"கிட்டத்தட்ட அதுதான்ப்பா."

"ரெண்டும் ஜாம்னா?"

"அப்படியெல்லாம் ஆகாதுப்பா."

"ஆகும்டா. அப்ப ஓரமா நிறுத்திட்டு தேத்தண்ணி குடிக்க வேண்டியதுதான்" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

கிள்ளானில் இருக்கும் ஒரு ஈமச்சடங்கு மண்டபத்துக்கும் நான்தான் இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தேன். அதன் முதலாளி ஒருநாள் புலம்பியபடி வந்தார். "எல்லா வீட்டுலயும் ஒரு பிள்ளை வெளிநாட்டுல இருக்கு பாஸ். நேரலை கேக்குறாங்க. பாதியில நின்னா என்னத்தான் ஏசுறாங்க."

அங்கே போய்ப் பார்த்தபோதே காரணம் தெரிந்துவிட்டது. தகரக் கூரை. உள்ளே கைப்பேசிக்குச் சிக்னல் ஒழுங்காக வராது. அதனால் வந்தவர்கள் எல்லாரும் சுவரில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லைப் பார்த்து மண்டபத்து வைஃபையில் ஏறிவிடுகிறார்கள். ஏறியவர்கள் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. ஆளாளுக்குத் தங்கள் சொந்தக்காரர்களுக்கு வீடியோ கால் போட்டு அதே சாவைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நெரிசலில் மண்டபத்துக் கேமரா மூச்சுத் திணறுகிறது.

இரண்டாவதாக ஒரு லைன் இழுக்கவைத்தேன். மேடைக்கு இடதுபுறச் சுவரில் ஒரு வெள்ளை சாக்கெட் பதித்து, அதில் செருகும் எதுவும் இரண்டாவது லைனில் போகும்படியும், அது செத்தால் மட்டும் முதல் லைனுக்கு மாறும்படியும் விதி எழுதினேன். மற்ற சாக்கெட்டுகள், வைஃபை எல்லாம் முதல் லைனுக்கு. யாராவது விளையாட்டுப் பிள்ளை ரவுட்டருக்குள் புகுந்து விதியைக் கலைத்துவிடக்கூடாது என்று, வைஃபை வழியாக வருபவருக்கு அதன் கதவையே மூடினேன். கடைசியாக வெள்ளை சாக்கெட்டின்மேல் 'கேமராவுக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டினேன். கச்சிதமான வேலை என்று எனக்கே பெருமை.

அப்பா நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தபோது, அவரை அந்த மண்டபத்தில்தான் வைத்தோம்.

தங்கை மான்செஸ்டரில் இருக்கிறாள். வயிற்றில் ஏழு மாதம். ஏற்கெனவே ஒன்று கலைந்துபோனதால் மருத்துவர் விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். செய்தி சொன்னதும் அவள் அழுது ஓயும்வரை நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணே, அப்பாவுக்கு நான் வாய்க்கரிசி போடணும். உன் கையாலயே போடு. ஆனா நீ போடுறப்ப நான் பாக்கணும். நான் பாக்காம போட்டா, அது நீ போட்டது. நான் போட்டதா ஆகாது."

"பாப்பே. அந்த லைன நான்தான் போட்டேன்" என்றேன். அந்தத் துக்கத்திலும் எனக்கு அந்த வாய்.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. அப்பாவுக்கு மூத்தவர். ஒரு பள்ளிக்கூட கேண்டீனை நெடுங்காலம் நடத்தியவர், அவர் குரலுக்குப் பிள்ளைகள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். "பிள்ளத்தாச்சி பிணத்தப் பாக்கக் கூடாது. போன்ல பாத்தாலும் பாத்ததுதான்" என்றார்.

"அது வெறும் படம் அத்தை."

"வெறும் படம்னா நீ எதுக்குடா இப்படிப் பதறுற?"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். தங்கை பார்ப்பதற்காக வைத்திருந்த மடிக்கணினியின் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

காலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கேமராக்காரர் வெள்ளை சாக்கெட்டில் செருகியதை நானே பார்த்தேன். கேமராவோடு இணைத்திருந்த மடிக்கணினியில் தங்கையின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அதன்பிறகு என்னைக் குளிப்பாட்டி, ஈர வேட்டியோடு நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்க அழைத்துப்போனார்கள். திரும்பி வந்தால் அப்பாவின் பெட்டி வேறு பக்கம் திரும்பியிருந்தது. சடங்கு செய்ய வந்த பண்டாரம், தலை தெற்கே இருக்கவேண்டும் என்று சொல்லித் திருப்பவைத்திருக்கிறார். கேமராவும் மடிக்கணினியும் பெட்டியைச் சுற்றிக்கொண்டு மேடையின் வலதுபுறம் போயிருந்தன. அதை நான் பார்த்தேன், ஆனால் மனதில் ஏறவில்லை. என் விரலில் தர்ப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள், நான் அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உறவினர்கள் வாய்க்கரிசி போட வரிசையில் வரத் தொடங்கினார்கள். கூட்டம் முன்னால் நெருங்கியது. அப்போது என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காதருகே சொன்னாள். "படம் நின்னுபோச்சுங்க."

திரும்பிப் பார்த்தேன். மடிக்கணினியில் தங்கை வாயைப் பாதி திறந்தபடி உறைந்திருந்தாள். கையை நீட்டினேன். பண்டாரம் என் மணிக்கட்டைப் பிடித்தார். "தர்ப்பை போட்ட கையால அதெல்லாம் தொடக்கூடாது தம்பி. நகராம நில்லுங்க."

நகராமல் நின்றேன். மூளை மட்டும் பேய்பிடித்தது போல ஓடியது. இரண்டாவது லைன் செத்துவிட்டதா? செத்திருந்தால் தானாக முதல் லைனுக்கு மாறியிருக்கவேண்டும். மாறவில்லையா? விதியில் எங்கேயாவது சொதப்பிவிட்டேனா? அப்பா எதிரே கிடக்கிறார், நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் ரவுட்டரின் விதிகளை வரிவரியாக மனதில் படித்துக்கொண்டிருக்கிறேன். அதை நினைக்க எனக்கே கேவலமாக இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

"ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால கறுப்பா ஒண்ணு இருக்கும். ஒண்ணு ரெண்டுன்னு எழுதியிருப்பேன். லைட்டு எப்படி எரியுதுன்னு பாரு" என்று மனைவியிடம் மெல்லச் சொன்னேன்.

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒண்ணாவது லைட்டு விடாம அடிச்சுக்குது. ரெண்டாவது எப்பவாவது ஒருக்கா கண்ண சிமிட்டுது."

இரண்டாவது லைன் நன்றாக இருக்கிறது. அதில் யாருமே போகவில்லை. நான் சட்டென்று கேமராவைப் பார்த்தேன். அதன் கம்பி வலதுபுறச் சுவரில், கைக்கெட்டிய சாதாரண சாக்கெட்டில் செருகியிருந்தது. இடதுபுறம் 'கேமராவுக்கு மட்டும்' என்ற என் எழுத்துக்குக் கீழே வெள்ளை சாக்கெட் காலியாக இருந்தது. தங்கைக்குப் போகவேண்டிய படம், அங்கே நின்ற அத்தனை பேரின் வீடியோ காலோடும் முட்டிமோதிக்கொண்டிருந்தது.

கேமராக்காரரிடம் சொன்னதும் அவர் பதறிப்போனார். கம்பி நீளம் போதாது, நீளமானது வேனில் இருக்கிறது, வேனை அடுத்த தெருவில் போட்டிருக்கிறது. சொல்லிக்கொண்டே ஓடினார். மனைவி தன் கைப்பேசியில் தங்கையை அழைத்துப் பார்த்தாள், சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தக் கைப்பேசியிலிருந்தே ரவுட்டருக்குள் போய் ஒரே ஒரு விதியை மாற்றினால் போதும். ஆனால் வைஃபை வழியாக யாரும் உள்ளே வரக்கூடாது என்று கதவை மூடியவன் நான்தான். என்னை நானே அறையலாம் போல இருந்தது.

வரிசை குறைந்துகொண்டே வந்தது. பண்டாரம் கடிகாரத்தைப் பார்த்தார். "மின்சுடலைல நேரம் குடுத்திருக்காங்க. மகன் போட்டதும் பெட்டிய மூடிடலாம்." அரிசித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

நான் எடுக்கவில்லை. எடுத்தால் போட்டாக வேண்டும். போட்டால் மூடிவிடுவார்கள்.

அப்போது மடிக்கணினியிலிருந்து குரல் மட்டும் வந்தது. துண்டுதுண்டாக, தேய்ந்து. "அண்ணே... தெரியல... போட்டாச்சா? அண்ணே, போட்டாச்சா?"

முன்வரிசையில் அத்தை நிமிர்ந்தார். அன்றைக்கு முதல்முறையாக மடிக்கணினியைப் பார்த்தார். "அவளுக்கு என்ன ஆச்சு?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"எல்லாரும் வைஃபைல வீடியோ போடுறாங்க அத்தை. அதான் அவளுக்குப் போகல."

அத்தை எழுந்து நின்றார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் போன அணைங்க" என்றார். கத்தவில்லை. கேண்டீன் குரல், கத்த வேண்டிய அவசியம் இல்லை.

கையை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பா முனகினார். "பந்திங்ல நம்ம ஆளுங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க லா, அக்கா."

"பந்திங்ல இருக்கிறவன் பஸ் ஏறி வந்திருக்கலாம். அவளால முடியாது. அணை."

சித்தப்பாவின் கை இறங்கியது. பின்னால் ஒவ்வொரு கையாக இறங்கியது. வாசலில் நின்ற, காஜாங்கிலிருந்து வந்திருந்த உறவினர்கள்கூடக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார்கள். அத்தை ஒரு வரிசை விடாமல் பார்வையிட்டுவிட்டுத்தான் திரும்பினார். எழுதிய விதிகள் எல்லாம் கைவிட்ட இடத்தில், அந்த அம்மாள் நின்ற இடத்திலிருந்தே பாதையைக் காலி செய்துவிட்டார்.

மடிக்கணினியில் தங்கையின் உருவம் முதலில் கட்டம்கட்டமாக அசைந்தது. பிறகு கண் தெரிந்தது. பிறகு அவள் முழுதாக வந்தாள். தலைக்குக் குளித்து, முடியை விரித்துப் போட்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். ஆனால் அவள் கேட்டது என்னையல்ல.

"அத்தை, நான் பாக்கலாமா?"

அத்தை மடிக்கணினிக்கு நெருங்கி வந்தார்.

"கைய வயித்துமேல வச்சுக்கிட்டுப் பாரு தாயி. என் தம்பி அவன் பேரப்பிள்ளைய ஒண்ணும் பண்ணமாட்டான்."

தங்கை இடக்கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். கேமரா அப்பாவின் முகத்தில் நின்றது. நான் எனக்காக ஒருமுறை அரிசி எடுத்துப் போட்டேன். பண்டாரம் பெட்டியின் மூடியில் கையை வைத்தார். "இன்னொண்ணு இருக்கு" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது முறை அரிசியை அள்ளி அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனேன். தங்கை அங்கே வலக்கை விரல்களைக் குவித்தாள். எவ்வளவு நல்ல லைனாக இருந்தாலும் இங்கே நடப்பது அங்கே சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அது எனக்குத் தெரியும். அதனால் கையை மூடியபடியே வைத்திருந்தேன். அவள் கை இறங்கி, விரல்கள் விரிந்ததைப் பார்த்த பிறகுதான் என் கையைத் திறந்தேன்.